பெரியப்பாவின் கால்

பாம்பனில் வலை இழுத்து வாழ்ந்த என் பெரியப்பா, சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை நம்பி, மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு ஒரு வருடம் ஏதோ சூரணத்தை மட்டும் உண்டுவந்தார். சிறுநீரகத்தை உண்மையில் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையே. அது பாத நரம்புகளையும் மரத்துப்போகச் செய்யும். சிப்பி கிழித்த காயம் வலிக்கவே இல்லை. செருப்பில் சீழின் ஈரத்தைக் கண்ட பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அரை நாள் வரிசையில் நின்றவரிடம் முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேச மருத்துவருக்கு நேரமில்லை. காணொளிக்காரரோ பொறுமையாக அரைமணி நேரம் விளக்கினார். 1922இல் டொராண்டோவில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டு எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்கவைத்த இன்சுலினையும் அதே காணொளி வியாபாரம் என்று ஏசுகிறது. பெரியப்பா இப்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.