வால்வ் ஆம்ப்ளிஃபையரில் ஒலி குறைந்தால்

வால்வ் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் ஒலி குறைந்துவிட்டால் பலரும் முதலில் வால்வுகளை, அதாவது சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். நானோ ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல்களையெல்லாம் கழற்றிவிட்டு, கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்ப்ளிஃபையருடன் இணைத்துப் பார்ப்பேன். அப்போதும் ஒலி எழவில்லையென்றால், எஃபெக்ட்ஸ் லூப்பின் (பெடல்களை ஆம்ப்ளிஃபையரின் சிக்னல் பாதையின் நடுவே இணைப்பதற்கான வழி) சென்ட் (சிக்னல் வெளியேறும்), ரிட்டர்ன் (சிக்னல் திரும்பி வரும்) ஜாக்குகளைச் சிறிய பேட்ச் கேபிளால் இணைக்க வேண்டும். ஒலி பழைய வலிமையோடு திரும்பினால், எதுவும் செருகாதபோது சிக்னலைக் கடத்த வேண்டிய ரிட்டர்ன் ஜாக்கின் உள்தொடுமுனையில் அழுக்குப் படிந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, பிளக்கைச் சிலமுறை செருகி எடுத்தாலே அநேகமாகச் சரியாகிவிடும். அதற்குப் பிறகுதான், மின்சாரத்தை நிறுத்தி ஆறவிட்டு, முதற்கட்டப் பெருக்கத்துக்கான 12ஏஎக்ஸ்7 என்னும் சிறிய வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், பயிற்சி இல்லாதவர்கள் தயவுசெய்து சேசிஸை, அதாவது மின்சுற்று இருக்கும் உலோகக் கூட்டைத் திறக்க வேண்டாம்.