வகுப்பு ஒன்பது, கணக்கு மூன்று

அவனுடைய நோட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இருபடிச் சமன்பாடுகள் படிப்படியாக, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, அச்சடித்ததுபோல் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு. பத்து வாரமாகச் சனிக்கிழமைதோறும் என்னிடம் கணக்கு படிக்க வந்துகொண்டிருந்தான். ஒருநாள் போகிற போக்கில் ஒரு பின்னத்தைக் கூட்டச் சொன்னேன்: அரையும் மூன்றில் ஒன்றும். கொஞ்சமும் தயங்காமல் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே இருந்ததை மேலே இருந்ததோடும், கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடும் கூட்டியிருக்கிறான்.

"அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா தம்பி?" என்று கேட்டேன். விழித்தான். பத்து வாரம் நான் பலகையில் எழுதியதையெல்லாம் அவன் படமாக வரைந்துகொண்டு போயிருக்கிறான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரத்தில் கைகொடுக்க நினைக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் சறுக்கிய இடத்தில் அவர்களும் சறுக்க வேண்டியதில்லை. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் படிக்கலாம். இடையில் அவர்களுக்கும் சில சங்கதிகள் உண்டு.

எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததற்குக் காரணம் என் சொந்தத் தோல்வி. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் எட்டு மதிப்பெண் குறைந்து தோற்றேன். துணைத்தேர்வுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட ஐந்து வயது மூத்த ஓர் அக்கா. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் பாடநூலையும் கைடையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இரண்டையும் தொடவில்லை. "பழைய விடைத்தாள்கள் எங்கே?" என்றார். மறுநாள் கொண்டுபோனேன், மிகக் கேவலமான ஒன்றை மட்டும் வீட்டிலேயே ஒளித்து வைத்துவிட்டு. மதிப்பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. சுழித்த இடங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "இதை எப்படிப் போட்டாய், வாய்விட்டுச் சொல்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. குறை எண்களைக் கழிக்கத் தெரியவில்லை. பின்னம் தெரியவில்லை. ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் பாதியில் நின்றுவிடும். பத்தாண்டுப் படிப்பில் ஓட்டை மூன்றே மூன்று. அதன் வழியாகத்தான் எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. இயற்கணிதம் எனக்கு வராது என்று நான் நம்பியிருந்தது, கடைசியில் பார்த்தால் குறை எண் வராததுதான். ஆறு வாரம் அந்த மூன்றையும் அடைத்தோம். பிறகு பாடநூல் தானாகவே திறந்துகொண்டது என்று சொன்னால் அது கொஞ்சம் அலங்காரம். ஆனாலும் பாதிக்கு மேல் புரிந்தது.

இவ்வளவையும் அனுபவித்தவன், என்னிடம் பிள்ளைகள் வந்ததும் அத்தனையையும் மறந்தேன் என்பதுதான் வேடிக்கை. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பு என்றால் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. வேறென்ன சொல்லிக்கொடுப்பது?

வகுப்பு வேறு, நிலை வேறு. கல்வித்தரம் விழுந்துவிட்டது என்று நாம் புலம்புவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பற்றித்தான். பத்து வயதில் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலைக்கு உலக வங்கி 'கற்றல் வறுமை' என்று பெயர் வைத்து, 2019-இல் ஒரு கணக்குச் சொன்னது: குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினர் அந்த நிலையில் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள்தான். வருகைப்பதிவேட்டில் பெயர் இருக்கிறது, வகுப்பு ஏறுகிறது, பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்ப்பது. இதற்கு நான் எடுத்துக்கொண்ட மாதிரி, இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பு. அதில் பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை என்று வாசிக்கச் சொல்வார்கள். கணக்கில் எண்களை அடையாளம் காண்பதில் தொடங்கிக் கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் வரை. சில நிமிட வேலை. நான் அதோடு ஐந்தாறு பின்னக் கணக்குகளையும் சேர்த்துக்கொண்டேன்.

என்னிடம் வந்த பதினான்கு பேரில் ஆறு பேருக்கு வகுத்தல் வரவில்லை. ஒரு பெண் 52-இலிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதினாள். கவனக்குறைவு என்று சுழித்துவிட்டுப் போகத்தான் கை வரும். அடுத்து 63-இலிருந்து 28 கொடுத்தேன். 45 என்றே மறுபடியும் வந்தது. எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறாள். எது மேலே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எப்போதோ யாரோ "பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். தவறு என்பது பெரும்பாலும் சரியாகக் கற்றுக்கொண்ட ஒரு தவறான விதி. "நன்றாகப் படி" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அது போகாது. விதி எது என்று கண்டுபிடித்து, அது உடையும் இடத்தை அவளே பார்க்கும்படி செய்ய வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை மேசையில் பரப்பினேன். ஒரு கட்டை அவிழ்க்காமல் இரண்டு குச்சியிலிருந்து ஏழை எடுக்க முடியாது என்று அவளே சொன்னாள். இருபது நிமிடம் பிடித்தது. ஆறு ஆண்டாக அவளோடு வந்த தவறு அது.

பிறகு வகுப்பைக் கலைத்து, நிலையை வைத்துக் குழுக்களாகப் பிரித்தேன். இந்த யோசனை எனக்கு உதித்ததல்ல. பிரதம் பல ஆண்டுகளாகச் செய்வது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா போன்ற நாடுகளிலும் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இதைக் களத்தில் சோதித்துப் பார்த்தவர்கள். அவர்களோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமர் கென்யாவில் கண்டது இன்னும் உறைக்கும். பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டுமே முன்னேறினார்கள். மற்றவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் ஆங்கிலமே எட்டவில்லை.

ஒரு சிக்கல் வந்தது: வெட்கம். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தால் அடுத்த வாரம் வரமாட்டான். நம்முடைய நோட்டு அழகன் உண்மையாகவே இரண்டு வாரம் வரவில்லை. இதற்கு மருந்து பழைய திண்ணைப் பள்ளியில் இருந்தது, சட்டாம்பிள்ளை, அதாவது இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவன்! 1790-களில் மெட்ராஸில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார். 1797-இல் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நானும் அவனிடம் ஓர் ஆறாம் வகுப்புக் குட்டியை ஒப்படைத்தேன். "இவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் நாம் இருவரும் தயாராகிக்கொள்வோம்" என்றேன். அவனுக்கு என் தந்திரம் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வந்தான்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வேறு மாதிரி மாற வேண்டியிருந்தது. பிள்ளைகள் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது, வரிகளுக்கு வண்ணம் பூசுவது. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். தேர்வு மண்டபத்தில் ஆவியாகிவிடும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட சோதனையைப் பிள்ளைகளுக்கே விளக்கினேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதனால் எங்கள் விதி: ஒரு பக்கம் படித்தால், மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுது, விட்டதை மட்டும் திரும்பப் பார். முந்தைய ஆண்டு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுது. திருத்தியபின் தவறுகளுக்கென்று தனி நோட்டு. கடைசி வாரத்தில் அந்த நோட்டு மட்டும் போதும், கைடு வேண்டாம்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் குழுவுக்கு முன்பே ஒரு குழுவை ஆரம்பித்து, வேலை மாற்றம் வந்ததும் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டுப் போனேன். பெரிய தவறாக அப்போது தெரியவில்லை. அமெரிக்காவில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்குத் துணையாக இருக்கும் வழிகாட்டித் திட்டங்களைப் பற்றி 2002-இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பயன் அதிகம். சீக்கிரமே அறுந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தே இருந்தது. ஓராண்டு வர முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம். அது ஒன்றும் கேவலமில்லை.

சனிக்கிழமை ஆட்களால் ஒரு நாட்டின் கல்வி நிமிர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சராசரி மாணவன் வகுப்பில் 98 விழுக்காட்டினரை முந்துவான் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியதை நிறையப் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. உண்மையான மாற்றத்துக்குப் பிரேசிலின் சோப்ரால் நகரத்தைப் பார்க்க வேண்டும். 2000-ஐ ஒட்டி அங்கே இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. தலைமையாசிரியர் பதவியை அரசியல் செல்வாக்கிலிருந்து பிடுங்கித் தகுதிக்குக் கொடுத்தார்கள். தொடக்க வகுப்பிலேயே வாசிப்பு வந்தாக வேண்டும் என்று அதையே குறியாக வைத்து, பிள்ளைகளை அடிக்கடி சோதித்துப் பார்த்தார்கள். ஏழை மாநிலத்தின் அந்த நகரம் 2017-இல் நாட்டின் கல்விக் குறியீட்டில் முதலிடம் பிடித்தது. எளிய காரியமில்லை, ஆனால் மாயமும் இல்லை. அங்கும் ஆரம்பம், பிள்ளையை உட்கார வைத்து "இதை வாசி" என்று கேட்டதுதான்.

என் பதினான்கு பேரில் பதினோரு பேர் தேறினார்கள். நோட்டு அழகன் சுமாரான மதிப்பெண்தான். பின்னக் கணக்கு மட்டும் முழுதாக வந்திருந்தது. 45 என்று எழுதிய பெண் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு படிப்பை நிறுத்திவிட்டாள். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசியும் பலிக்கவில்லை.

அடுத்த வாரம் தொடங்கப்போகிறீர்கள் என்றால், ஒரு தாளில் நான்கு வரிப் பத்தி, அரைப் பக்கக் கதை, பத்துக் கணக்கு, இவ்வளவு போதும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். பாடநூலைக் கொண்டுபோக வேண்டாம். சிவப்பு மைப் பேனாவையும்தான்.