பின்வரிசைக் குரல்

எங்கள் யாழ்ப்பாணப் பள்ளியின் ஆங்கில மிஸ்ஸைப் பற்றி நமது பழைய மாணவர் சங்கக் கிளையின் இவ்வாண்டு மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். அவர் மறைந்த செய்தி ரொறன்ரோவுக்கு வந்ததிலிருந்து தொலைபேசியில் எல்லோரும் அவருடைய கண்டிப்பையும் கறுப்புக் குடையையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அவரை நினைத்தவுடன் அமெரிக்கப் பாடகி கரன் கார்ப்பென்டர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஒளிவிழாப் பாடற்குழுவுக்குக் குரல் பார்க்கும் நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். என் முறை வந்தபோது, "இது ஆம்பிளைக் குரல், பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசை" என்று எனக்குச் சொல்லப்பட்டது. மண்டபமே சிரித்தது. அந்த மார்கழியிலும் அடுத்த மார்கழியிலும் இயேசு பாலனின் பிறப்பை நான் சத்தமில்லாமல் பாடினேன். மிஸ் அதைப் பற்றி எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அது அவருடைய வழக்கமும் அல்ல. ஒரு நாள் பள்ளி விட்ட பின் நூலகத்துக்கு வரச் சொல்லி, கசெற் ஒன்றைப் போட்டுவிட்டு, "இந்தப் பிள்ளை எவ்வளவு கீழே நின்று பாடுகிறாள் என்று கேள்" என்றார். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் நெருக்கத்தில், யாரையும் மயக்க முயலாமல், கீழ்ச்சுரத்தில் நிதானமாக நின்றது கரனின் அந்தக் குரல்.

1950இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் பிறந்த கரன், 1963இல் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் டவுனி நகரில் குடியேறியவர். உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்புவதற்காகவே பள்ளி பாண்ட் குழுவில் சேர்ந்தவர் என்பதை அறிந்தபோது, உச்சி வெயிலில் வலைப்பந்து ஆடப் பணிக்கப்பட்ட நான் அவரை உடனேயே என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன். முதலில் கையில் கொடுக்கப்பட்ட கிளொக்கன்ஸ்பீல் என்ற, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம் பிடிக்காமல், டிரம்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பழகியிருக்கிறார். லோங் பீச் கல்லூரியில் பாடற்குழுவை நடத்திய ஃபிராங்க் பூலர் அவருடைய குரலின் அருமையை அறிந்து ஊக்குவித்தார். 1969இல் ஹெர்ப் அல்பேர்ட்டின் ஏ அன்ட் எம் இசைத்தட்டு நிறுவனம் அவரையும் அண்ணன் ரிச்சர்டையும் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டே 'குளோஸ் டு யூ' அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர்களுடைய பாடல்களின் பின்னணியில் ஒலிக்கும் பெரிய பாடற்குழு உண்மையில் அந்த இருவரின் குரல்களே அடுக்கடுக்காகப் பதியப்பட்டது என்று மிஸ் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கே வாயை மட்டும் அசைக்க ஒருவருக்கும் இடமில்லை.

அப்போது நான் ஆசைப்பட்டதெல்லாம் முன்வரிசைதான். கரன் ஆசைப்பட்டது நேர்மாறாக இருந்தது என்பதைக் கனடா வந்து நூலகத்தில் வாசித்த பின்பே அறிந்தேன். பாடவும் தெரிந்த டிரம்ஸ் கலைஞர் என்றே அவர் தம்மைக் கருதினார். டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்து பாடுவதையே விரும்பினார். பாடகி மறைந்திருக்கக் கூடாது என்று மற்றவர்கள் வற்புறுத்தி அவரை மேடையின் முன்னே நிறுத்தினார்கள். அங்கே குரலோடு உடலும் பார்வைக்கு வந்தது. பின்னர் அவருக்கு வந்த, உணவை மறுத்து மெலியும் பட்டினி நோய்க்கு (அனரெக்சியா) அது ஒன்றே காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 1975இல் அவர் மெலிந்து களைத்ததால் பிரித்தானிய, யப்பானியக் கச்சேரிகள் இரத்தாயின. 1979இல் நியூயோர்க்கில் ஃபில் ரமோனுடன் அவர் தனியாகத் தொடங்கிய இசைத்தொகுப்பு, பதிவு முடிந்த பிறகும் வெளியிடப்படாமல் வைக்கப்பட்டது.

1983 பெப்ரவரி 4ஆம் திகதி, நமக்குச் சுதந்திர தின விடுமுறையாக இருந்த நாளில், டவுனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்த அவர் மருத்துவமனையில் இறந்தார். வயது 32. செய்தியை வானொலியில் கேட்ட மிஸ் அதை வகுப்பில் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல் இலக்கணப் பயிற்சியைக் கரும்பலகையில் எழுதினார். மழை நாட்களும் திங்கட்கிழமைகளும் தம்மைச் சோர்வாக்குவதாகப் பாடியவருக்கு வேறு அஞ்சலி எதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டு யூலை இனக்கலவரத்துக்குப் பின் நமக்கு அழுவதற்கு நம்முடையவையே போதுமானவையாக இருந்தன. அடுத்த ஆண்டு நான் புறப்பட்டுவிட்டேன்.

முடக்கப்பட்ட அந்தத் தொகுப்பு 1996இல் வெளிவந்தவுடன் வாங்கினேன். மிஸ்ஸுக்கு ஒன்று அனுப்ப விரும்பினேன். ஆனால் முந்திய ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்திருந்தது, எந்த முகவரிக்கு அனுப்புவது? 2002இல் பாதை திறந்த பின் ஊருக்குப் போய் வந்த தோழி, மிஸ்ஸுக்குக் காது நன்றாக மந்தமாகிவிட்டது என்றாள். இங்கே ஒரு தேவாலயப் பாடற்குழுவில் நான் கீழ்க்குரலுக்கு நிற்கிறேன், அதைப் பாராட்டுகிறவர்களும் உண்டு. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை என்ற குறை, இங்கிருந்து எத்தனை முறை பணம் அனுப்பினாலும் தீராதது.

பணம் என்றதும் ஒன்று. கல்லூரிக்கு இம்முறை நமது கிளை அனுப்பும் தொகையில் ஒரு செற் டிரம்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எதற்கு டிரம்ஸ் என்று ஓர் அன்பர் கேட்க, தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் மீண்டும் முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் தேவை.