ஷியா கிரீமும் ஒரு மறுப்புக் கடிதமும்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர், கறுப்பினப் பெண், ஆப்பிரிக்க மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெயில் தலைமுடிக்கான கிரீம் தயாரித்து விற்கிறார். சுருள்முடிக்காரர்கள் அதற்கு அடிமை. சர்ச் வாசலிலேயே டப்பாக்கள் தீர்ந்துவிடும். அதை முறையான தொழிலாக்க அவர் இறங்கியபோது, கணக்கு எழுதத் தெரிந்தவள் என்பதால் நானும் கூடவே போனேன்.

பதிவு சுலபம். எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் எல்எல்சி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம், பதிவுக்கு 100 டாலர் சொச்சம். தொழிலுக்கு வரித்துறை தரும் அடையாள எண்ணான இஐஎன் அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

லேபிளில்தான் நேரம் போனது. முடி வளரும் என்று டப்பாவில் போட்டால், உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ அதை மருந்தாகப் பார்க்கும். பொடுகு போகும் என்றாலும் அதே கதிதான். முடியை மென்மையாக்கும் என்று எழுதினால் அழகுசாதனப் பொருள், பிரச்சினை இல்லை. வாங்குகிறவர்கள் எல்லோரும் முடி வளர்கிறது என்றுதான் சொல்கிறார்கள், இருந்தும் அந்த வரியை எடுத்துவிட்டோம். எடை, நிறுவன முகவரி, அதிகம் சேர்ப்பது முதலில் வரும்படி சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். 2022-இல் வந்த புதிய அழகுசாதனச் சட்டம் தயாரிக்கும் இடத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆண்டுச் சராசரி விற்பனை 10 லட்சம் டாலரை எட்டாத சிறு தயாரிப்பாளர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு.

பிறகு பணம். தோழியின் அம்மா டிரினிடாட்காரர். முதல் மூலப்பொருள் அவர்கள் வீட்டுப் பெண்கள் போடும் சூசூவில் வந்தது. நம் ஊர் குலுக்கல் சீட்டு மாதிரியேதான்: ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு, முறைவைத்து எடுக்கிறார்கள். வட்டி கிடையாது.

மானியத்துக்கு நம்பியிருந்த வழி அடைபட்டுப்போனது. இதே ஊரின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 20,000 டாலர் மானியம் தந்துகொண்டிருந்தது. மற்ற இனத்தவரை ஒதுக்குகிறது என்று 2023-இல் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது, செப்டம்பரில் சமரசம் ஆகி மானியமே மூடப்பட்டது. வழக்குக்குப் பிடித்த சட்டம் எது தெரியுமா? 1866-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு ஒப்பந்தம் செய்யும் உரிமை வேண்டும் என்று கொண்டுவந்தது! படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வங்கியில் கடன் கேட்டோம். இல்லை என்றார்கள், காரணம் கேட்டால் மழுப்பினார்கள். இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சம கடன் வாய்ப்புச் சட்டப்படி, மறுப்பு வந்த 60 நாளுக்குள் கேட்டால் காரணத்தைத் தந்தே ஆக வேண்டும். எழுதிக் கேட்டோம். தொழில் வருமானத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று கடிதம் வந்தது. விற்பனைப் பணம் முழுக்கத் தோழியின் சொந்தக் கணக்கில் மளிகைச் செலவோடு கலந்து கிடந்தது. காரணம் கையில் இருந்ததால் வேலை தெளிவானது: தொழிலுக்குத் தனிக் கணக்கு, மாதா மாத வரவு செலவு, ஒவ்வொரு டப்பாவுக்கும் அடக்கவிலை.

அந்தக் கணக்கோடு, தொழில் நடத்தும் பெண்களுக்கு உதவும் மகளிர் தொழில் மையத்துக்குப் போனோம். ஆலோசனை இலவசம். 1988 வரை சில மாநிலங்களில் தொழிற்கடனுக்கு ஆண் உறவினரின் கையெழுத்தையும் கேட்க முடிந்தது. அதை ஒழித்த சட்டம்தான் இந்த மையங்களுக்கும் வழி திறந்தது. அங்கிருந்த அம்மா எங்கள் கணக்கை வரி வரியாகப் படித்து, முடிதிருத்தும் கடை ஒன்று மாதம் எத்தனை டப்பா எடுக்கும், பணம் எப்போது வரும் என்று துருவித் துருவிக் கேட்டார். வேறு யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. சிறுதொழில்களுக்கான அரசு அமைப்பான எஸ்பிஏ-வின் மைக்ரோலோன் என்ற சிறுகடனுக்கு அவர்தான் வழிகாட்டினார். லாப நோக்கமற்ற நிறுவனங்கள் வழியாக 50,000 டாலர் வரை தருகிறார்கள். வட்டி பொதுவாக 8 முதல் 13 சதவீதம். குறைவில்லைதான், ஆனாலும் ஆளைப் பார்த்துப் பேசித் தருகிறார்கள்.

கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. கலக்கும் இயந்திரமும் மொத்தமாக ஷியாவும் வாங்கியாயிற்று, இரண்டு சலூன்கள் தொடர்ந்து எடுக்கின்றன. இப்போது ஒரு கடை சரக்கு வைக்கப் பொருள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்கிறது, அதாவது பொருளால் யாருக்காவது பாதிப்பு வந்தால் ஈடுகட்டும் காப்பீடு. இந்த வாரம் அதற்குத்தான் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.