தீபாவளிப் பெட்டி

கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, சம்பளப் பட்டியல் என்று ஊர்ந்துகொண்டிருக்கும் வேலை, ஆவணி பிறந்தால் சூடு பிடிக்கும். போனஸ் காலம். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் சங்கமும் நிர்வாகமும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டும்.

ஆனால் நான் பார்த்த பெரிய தகராறு இனிப்பால் வந்தது.

அந்த ஆண்டு போனஸ் பேச்சு சுமுகமாக முடிந்திருந்தது. தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கும் வழக்கம் எங்கள் ஆலையில் அதுவரை கிடையாது. புதிதாக வந்த மேலாளர் நல்லெண்ணத்தோடு ஏற்பாடு செய்தார். தொழிலாளர்களுக்கு அரைக் கிலோ லட்டு. அலுவலகத்தாருக்கு ஒரு கிலோ நெய் மைசூர்பாகு. முதல் ஷிப்ட் முடிந்து, நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவுப் பெண்கள் பெட்டியோடு கேட் வரை வந்தார்கள். அங்கே எங்கள் கணக்கர் சைக்கிள் கேரியரில் பெரிய பெட்டியை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் பெட்டியை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்தார். பின்னால் வந்தவரும் வைத்தார். கால் மணி நேரத்தில் மேசை கொள்ளவில்லை.

“போன வருடம் ஒன்றுமே கிடையாது. இப்போது அரைக் கிலோ. இதில் என்ன நஷ்டம்?” என்றார் மேலாளர். கணக்குப்படி சரிதான். எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது.

பல ஆண்டுகள் கழித்து, சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். கல்லைத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு என்பது கபுச்சின் குரங்குகளுக்குப் பழக்கமான பேரம். பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்துவிட்டால் அதே வெள்ளரி பல சமயம் வேண்டாததாகிவிடும். சில குரங்குகள் வீசியும் எறிந்தன. அது நியாய உணர்வா, திராட்சையைக் கண்டபின் வெள்ளரி சலித்ததா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வைண்டிங் பெண்களைக் குரங்கோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். ஒப்பீடு என்னோடு.

மனிதர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. ஒருவரிடம் பணம் கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொருவருக்கு ஒரு பங்கு தரச் சொல்வார்கள். அந்தப் பங்கை மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பங்கு மிகச் சிறியதாக இருந்தால், கைக்கு வருவதையும் உதறுகிறவர்கள் பலர். சிறு கூட்டங்களாக வேட்டையாடி வாழ்ந்த காலத்தில், குறைந்த பங்கைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டவனுக்கு அடுத்த முறையும் அதே பங்குதான் கிடைத்திருக்கும். அப்படி ஆகாமல் காத்தது கோபம்தான் என்கிறார்கள் பரிணாம உளவியலாளர்கள்.

எது குறைந்த பங்கு என்பதை மட்டும் அந்தந்த ஊர் வாழ்க்கை முடிவு செய்கிறது. இதே சோதனையில், பெரு நாட்டுக் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் கால் பங்கு அளவில்தான் கொடுத்தார்கள், பெற்றவர்களும் அநேகமாக மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் லமலேராவில் படகுக்குப் பலர் சேர்ந்து திமிங்கில வேட்டைக்குப் போகிறார்கள், பிடித்ததை முறைப்படி பங்கிடுகிறார்கள். அங்கே சராசரியாகப் பாதிக்கும் மேல் கொடுத்தார்கள்.

எங்கள் கேட்டிலும் அப்படி ஓர் அளவுகோல் இருந்தது. மேலாளரின் சம்பளம் தங்களுடையதைப் போலப் பல மடங்கு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதற்காக யாரும் மேசையில் எதையும் வைத்துவிட்டுப் போனதில்லை. சம்பளம் கூலி, வேலைக்கு ஏற்றது. பண்டிகை இனிப்பு பந்தியைச் சேர்ந்தது. பந்தி வஞ்சனை என்று தமிழில் ஒரு சொல்லே இருக்கிறதே, சும்மாவா? ஓரிலையில் இரண்டு வடையும் பக்கத்து இலையில் ஒன்றும் விழுந்தால் பெரிய குடும்பங்களே உடைந்திருக்கின்றன.

இத்தனையும் பின்னாளில் யோசித்தது. அன்று மாலை நான் மைசூர்பாகுப் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன், ருசித்துச் சாப்பிட்டேன். திராட்சை வாங்கிய குரங்கு நான்.

மறு ஆண்டு, மேலாளர் உட்பட எல்லாருக்கும் அரைக் கிலோ லட்டு. மேஸ்திரிகள் மட்டும், பெருக்குகிறவருக்கும் தங்களுக்கும் ஒரே பெட்டியா என்று முணுமுணுத்தார்கள். நான் அவர்களைப் பார்த்து உள்ளூரச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக் கையில் வாங்கிய மகள், “ஏன் அப்பா, இந்த முறை பாதியாக்கிவிட்டார்கள்?” என்று கேட்டாள். சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.