அள்ளிப்போன மண்ணுக்கு மறுமொழி

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் இருந்த அதன் வளாகம் 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. ஆகவே தூரம் என்று சாட்டுச் சொல்ல வன்னியில் இப்போது இடமில்லை. ஆனாலும் வயல் செய்யும் கமக்காரருக்கும் விரிவுரையாளர்களுக்கும் நடுவில் ஓடித்திரியும் என் வேலையில் அடிக்கடி காதில் விழுவது, "பிள்ளை, போனமுறை பரிசோதனைக்கென்று அள்ளிக்கொண்டு போன மண்ணுக்கு என்ன மறுமொழி?" என்ற கேள்விதான்.

மறுமொழி இருக்கும், ஏதோவொரு இறுதியாண்டு ஆய்வறிக்கைக்குள், ஆங்கிலத்தில். 2009 இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேறிய சனங்கள் வினாக்கொத்து நிரப்பியே களைத்தவர்கள், அவர்களிடம் இன்னொரு கடதாசியை நீட்டினால் தேத்தண்ணி தருவார்கள், பதிலும் தருவார்கள், ஆனால் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் காலம். பெரும்போகமான காலபோகத்தின் விதைப்பு ஐப்பசி மழையோடு, வெட்டு தை மாசியில். சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்பது இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகும். பரீட்சை, விடுமுறை எல்லாம் முடிந்து மண் பரிசோதனை முடிவு வரும்போது பயிர் கதிர் தள்ளிவிடும்.

2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அப்போதுதான் பல்கலைக்கழகத்தோடு உறவு இருப்பதன் அருமை தெரிந்தது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், கூட்டெருவில் ஒன்றிரண்டு சதவீதம் வந்தாலே பெரிது, அப்படியென்றால் ஒரு ஏக்கருக்கு எத்தனை உழவுமெஷின் பெட்டி எரு வேண்டும், அது எங்கே கிடைக்கும்? வரம்பில் முன்பே நடந்து பழகிய ஒரு விரிவுரையாளருக்கு இரவில்கூட அழைப்புப் போனது, அவரும் "விளைச்சல் குறையும் ஐயா, வயல் முழுவதையும் நம்பி விதைக்காதேங்கோ" என்று மறைக்காமல் சொன்னார். எனக்குத் தெரிந்து பல்கலைக்கழகம் ஊருக்குச் செய்த பெரிய உதவி அந்த ஒரு வசனம்தான், அதற்கு ஒரு திட்ட நிதியும் தேவைப்படவில்லை.

இப்போது மண் எடுக்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, முடிவை எந்த மாதம், எந்தப் பொதுநோக்கு மண்டபத்தில், தமிழில் யார் வந்து சொல்வது என்பதைத்தான். அதைக் கமக்கார அமைப்பின் கூட்ட அறிக்கையிலும் எழுதிவிடுவோம். சிலர் சரி என்று கையெழுத்து வைக்கிறார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஊர் தேடிப் போய்விடுகிறார்கள், போகட்டும்.