பில்லிங் சாப்ட்வேரோடு டேட்டாபேஸையும் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு தம்பி தன்னுடைய செட்டப் ஃபைலைக் காட்டினான், உள்ளே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் முழுசாக இருக்கிறது. "ஃப்ரீதானேண்ணா" என்கிறான். ஃப்ரீதான், ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, அதாவது பிறருக்கு விநியோகித்தால் சோர்ஸ் கோடும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிற உரிமம். கடைக்காரரே டவுன்லோட் செய்து போட்டுக்கொள்வது வேறு, நாம் சோர்ஸ் தராத நம்முடைய சாப்ட்வேரோடு ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பது வேறு. விநியோகம் என்று வந்துவிட்டால் ஜிபிஎல் நிபந்தனைகள் நம் தலையில் வந்து விழும், அதன் கிளையன்ட் லைப்ரரியை (டேட்டாபேஸோடு பேச உதவும் பகுதியை) நம் புரோகிராமுக்குள் இணைத்திருந்தால் நம்முடைய சோர்ஸையே திறந்து கொடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அது வேண்டாமென்றால் மைஎஸ்கியூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிளிடம் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபிக்குப் போனாலும் சர்வர் ஜிபிஎல்தான், சி மொழிக்கான கிளையன்ட் லைப்ரரி மட்டும் எல்ஜிபிஎல், அது கொஞ்சம் தளர்வான உரிமம்.

நான் போஸ்ட்கிரெஸ் என்கிற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறிவிட்டேன். அதன் உரிமம் நாலைந்து பத்திதான், பதிப்புரிமை அறிவிப்பையும் அந்த வாசகத்தையும் எல்லாப் பிரதியிலும் வைத்தால் போதும், நம் சோர்ஸைக் கேட்காது. ஒரே கம்ப்யூட்டர் உள்ள சின்னக் கடை என்றால் எஸ்கியூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸ், அதற்கு யாரும் பதிப்புரிமையே கோரவில்லை.

அப்புறம், உரிமம் மாறவும் செய்யும். மாங்கோடிபி என்கிற டேட்டாபேஸ் 2018இல் எஸ்எஸ்பிஎல் என்கிற வேறு உரிமத்துக்குப் போனது. நீங்கள் கட்டுகிற வெர்ஷனோடு வரும் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படியுங்கள். தம்பி அந்த ஃபைலையே தேவையில்லை என்று அழித்திருந்தான். இன்று சாயங்காலம் உட்கார்ந்து திரும்ப எடுத்துப் போட்டோம்.